ஜாக் கிர்பியை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

சூப்பர்ஹீரோ திரைப்படங்களைத் தவறாமல் பார்ப்பவர்களில் பலர் ஜாக் கிர்பி என்ற பெயரைப் படம் முடிந்த பின் ஓடும் எழுத்துகளில் மட்டுமே கண்டிருப்பார்கள். கேப்டன் அமெரிக்கா, ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென், பிளாக் பேந்தர், சில்வர் சர்ஃபர், டார்க்சைட் ஆகிய அனைத்தின் உருவாக்கத்திலும் அவருக்கு நேரடிப் பங்கு உண்டு. பெயரை அறிந்துகொண்டு அவருடைய பக்கங்களைத் தேடிப் போகும் புதியவர் முதலில் திகைப்பது அவற்றின் எண்ணிக்கையைக் கண்டுதான். 1930களின் நடுப்பகுதியில் தொடங்கி 1980கள் வரை அவர் வரைந்துகொண்டே இருந்தார். 1960களின் தொடக்கத்தில் ஓராண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை வரைந்திருக்கிறார்.

அடுத்த திகைப்பு அவருடைய பாணி. இரும்புக்கை மாயாவியை வாசித்து வளர்ந்த நம்மில் பலருடைய கண்கள், ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் நிழலும் ஒளியும் கலந்த, ஏறக்குறைய புகைப்படம் போன்ற சித்திரங்களுக்குப் பழகியவை. அத்தகைய கண்களுக்குக் கிர்பியின் மனிதர்கள் முதற்பார்வையில் செங்கல்லில் செதுக்கியவர்களைப் போலத் தெரிவார்கள். விரல் நுனிகள் சதுரமாக இருக்கும், முழங்கால்கள் எங்கோ மடங்கும். நானும் எதையும் ஆதியிலிருந்து வாசிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் 1941ஆம் ஆண்டின் கதைகளில் தொடங்கி, நான்கைந்து இதழ்களுக்கு மேல் தாங்காமல் புத்தகத்தை மூடிவைத்தவன்தான். கீழே சொல்லியிருக்கும் வரிசை அந்தத் தவற்றிலிருந்து வந்தது.

முதற்படி: நடுவிலிருந்து தொடங்குங்கள்

முதலில் வாசிக்க வேண்டியது 1966 ஜூன் மாதத் தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 51ஆம் இதழ். இதற்கு முன்கதை எதுவும் தேவையில்லை. பாறை உடம்பு கொண்ட பென் கிரிம் என்னும் ‘திங்’ இரவு மழையில் தெருவில் தனியாக நிற்பதோடு கதை தொடங்குகிறது. அந்த முழுப்பக்கச் சித்திரத்தில் சண்டையோ எதிரியோ இல்லை. இவ்வளவு பெரிய உருவத்தை வரைந்துவிட்டு, அதைப் பார்த்து நாம் இரக்கப்படும்படி செய்வது எளிதன்று; தொங்கிப்போன தோள்களும் நனைந்து கிடக்கும் தெருவும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பிறகு, அணித்தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் மீது பொறாமை கொண்ட பெயரற்ற அறிவியலாளர் ஒருவர் பென்னின் உருவத்தைத் திருடிக்கொண்டு, ரீடை ஒழிக்கும் நோக்கத்தோடு அணியின் வீட்டுக்குள் நுழைகிறார். கடைசியில் அதே மனிதருக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறார். இருபது பக்கங்களில் முடிந்துவிடும் இக்கதை பிடிக்கவில்லையென்றால் கிர்பி உங்களுக்கானவர் அல்லர் என்று தயங்காமல் முடிவு செய்துகொள்ளலாம்.

பிடித்துவிட்டால், அதே தொடரின் 44ஆம் இதழுக்குப் பின்னோக்கிச் சென்று, அங்கிருந்து 50 வரை வரிசையாக வாசியுங்கள். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கோள்களையே உணவாக உண்ணும் கேலக்டஸ் வரும் புகழ்பெற்ற கதை 48, 49, 50 ஆகிய மூன்று இதழ்களில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி 48ஐக் கையில் எடுப்பவர், முதல் சில பக்கங்களில் வேறு ஏதோ ஒரு கதை முடிந்துகொண்டிருப்பதைக் கண்டு குழம்பிப் போவார். அது ‘இன்ஹ்யூமன்ஸ்’ கதையின் கடைசிப் பகுதி. அதேபோல 50ஆம் இதழின் பாதியிலேயே கேலக்டஸ் கிளம்பிப் போய்விடுவார். மிச்சப் பக்கங்களில் அணியின் இளைஞன் ஜானி ஸ்டார்ம் கல்லூரியில் சேரப் போவான். உலகமே அழியவிருந்த கதைக்குப் பிறகு கல்லூரியின் முதல் நாளா என்று எரிச்சலடைய வேண்டாம். அந்தத் தொடர் இதழுக்கு இதழ் முடிச்சுப் போடாமல், ஆறு போல ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் படி: பேச்சுக் குமிழ்களை மறைத்து வாசியுங்கள்

ஒரு கதையை ஒரு முறை வாசித்து முடித்த பின், அஞ்சலட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மீண்டும் முதற்பக்கத்துக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துகள் உள்ள பகுதியை அட்டையால் மறைத்துவிட்டு, படங்களை மட்டும் தொடர்ந்து பாருங்கள். யார் யாரைத் தேடி வருகிறார், யார் பயப்படுகிறார், எந்தக் கணத்தில் நிலைமை மாறுகிறது என்பவை சொல்லின் துணையில்லாமலேயே விளங்கிவிடும். கிர்பியைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான்: அவர் பிறர் எழுதித் தந்த கதைக்குப் படம் போட்டவர் அல்லர், பென்சிலால் கதை சொன்னவர்.

இதற்குக் காரணம் அப்போது மார்வெலில் வழங்கிய வேலைமுறை. ஆசிரியரான ஸ்டான் லீயும் ஓவியரும் கதைச்சுருக்கத்தைப் பேசிக்கொள்வார்கள். சில வேளைகளில் அந்தப் பேச்சு மிகச் சுருக்கமாகவே இருக்கும். அதன்பின் ஓவியர் வீட்டுக்குப் போய் இருபது பக்கங்களையும் முழுமையாக வரைந்து வருவார். காட்சிகளின் வரிசை, சண்டை எங்கே முடிகிறது, புதிதாக யார் நுழைகிறார் என்பவையெல்லாம் அந்தப் பக்கங்களில் தீர்மானமாகிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்பதைக் கிர்பி பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் லீ வசனம் எழுதுவார். கேலக்டஸ் கதையின் பக்கங்கள் வந்து சேர்ந்தபோது, தாங்கள் பேசிக்கொள்ளாத ஓர் உருவம் வெள்ளி நிறத்தில் அலைச்சறுக்குப் பலகையின் மேல் நின்றுகொண்டு வானில் பறந்ததைக் கண்டு, இது யார் என்று தாமே கேட்டதாக லீ பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். இவ்வளவு பெரியவர் வரும்போது கட்டியம் கூற ஒருவன் வேண்டாமா என்பது கிர்பியின் எண்ணம். சில்வர் சர்ஃபர் பிறந்தது அப்படித்தான்.

லீயின் பங்கை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பென் கிரிமின் தெருப்பேச்சும் கிண்டலும் லீயின் வசனத்தில்தான் காதில் ஒலிக்கின்றன. அட்டையை எடுத்துவிட்டு மூன்றாம் முறை வாசிக்கும்போது, படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதன் மேல் சொல் எதைக் கூட்டுகிறது, எங்கே அதையே வீணாகத் திரும்பச் சொல்கிறது என்பது பிரிந்து தெரியும்.

மூன்றாம் படி: கண்ணைப் பழக்குங்கள்

இனிப் பக்கத்தை நிறுத்திப் பார்க்கலாம். விண்வெளியோ வெடிப்போ வரும் இடங்களில், கருப்பு வட்டப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக நுரைபோலத் திரண்டு நிற்பதைக் காண்பீர்கள். வாசகர்கள் இதைக் ‘கிர்பி கிராக்கிள்’ என்று அழைக்கிறார்கள். ஆற்றலை வெளிச்சமாக வரைவதுதான் வழக்கம்; கிர்பி அதைக் கருப்பால் வரைந்தார், இடையில் எஞ்சும் வெள்ளைதான் ஒளியாகத் தெரிகிறது. 1960களின் நடுவில் முழு வடிவம் பெற்ற இந்த உத்தியை இன்றும் பல சூப்பர்ஹீரோ காமிக்ஸில் காணலாம். அடுத்ததாக, உலோகப் பரப்புகளின் மேல் நெளிந்தோடும் தடித்த கருங்கோடுகளைக் கவனியுங்கள். எந்த உலோகமும் அப்படி மின்னுவதில்லை, எந்த இயந்திரமும் அவர் வரைந்தபடி இயங்கவும் முடியாது. ஆனாலும் அந்த இயந்திரங்களுக்கு எடை உண்டு. அவை எதையோ செய்துகொண்டிருக்கின்றன என்ற உறுதி நமக்கு வந்துவிடுகிறது.

சண்டைக் காட்சிகளில் கையைப் பாருங்கள். வாசகரை நோக்கி நீளும் முட்டி தலையைவிடப் பெரிதாக இருக்கும், அதன் பின்னால் உடம்பு ஆழத்தில் சுருங்கிப் போகும், கால்கள் அகன்று ஊன்றியிருக்கும். பிறர் அடி விழும் கணத்தை வரைந்தபோது, அடி விழுந்த மறுகணத்தை, உடம்பு பறந்துகொண்டிருக்கும் நிலையில் வரைவதில் கிர்பி தேர்ந்தவர். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு குடியிருப்புகளில் சிறுவர்களின் தெருச்சண்டைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அடி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இவற்றோடு, பத்திரிகைகளிலிருந்து வெட்டிய புகைப்படங்களை ஒட்டி அவர் செய்த பக்கங்களும் உண்டு. 51ஆம் இதழில் ரீட் வேறொரு வெளிக்குள் நுழையும் பக்கம் அப்படிப்பட்டது. மலிவான தாளில் அவை சேறுபோல அச்சாகின. முயற்சியை மதிக்கிறேன், ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் பார்ப்பதற்குச் சுகமாக இல்லை.

மை தீட்டுபவரின் பெயரையும் பார்த்து வையுங்கள். கிர்பி பெரும்பாலும் பென்சிலோடு நிறுத்திக்கொள்வார். நீங்கள் அச்சில் காணும் கோடு வேறொருவர் தூரிகையால் இட்டது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் 44ஆம் இதழிலிருந்து தொடர்ந்து வரும் ஜோ சின்னட்டின் கோடு பளபளப்பாகவும் உருண்டு திரண்டும் இருக்கும். தோர் கதைகளில் வின்ஸ் கொலெட்டாவின் மெல்லிய கீறல்கள் பழைய செதுக்குச் சித்திரங்களின் சாயலைத் தரும்; ஆனால் வேலையை விரைவாக முடிப்பதற்காகப் பின்னணிகளையும் சில உருவங்களையும் அவர் அழித்துவிட்டார் என்பது எஞ்சியிருக்கும் பென்சில் பிரதிகளை அச்சுப் பக்கங்களோடு ஒப்பிட்டவர்கள் காட்டியிருக்கும் உண்மை. பென்சிலில் இருந்ததை அப்படியே மையில் கொண்டுவந்தவர் பின்னாளில் வந்த மைக் ராயர்.

நான்காம் படி: இப்போது பழைய காலத்துக்குப் போகலாம்

1917 ஆகஸ்ட் 28 அன்று, ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு ஜேக்கப் கர்ட்ஸ்பர்க் என்ற பெயரோடு பிறந்தவர் கிர்பி. தந்தை ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி. ஃப்ளைஷர் அசைவூட்டக் கூடத்தில் பாப்பாய் படங்களுக்கான இடைச்சித்திரங்களை வரையும் வேலையை விட்டு வெளியேறி, ஜோ சைமனைச் சந்தித்து, இருவருமாகக் கேப்டன் அமெரிக்காவை உருவாக்கினார்கள். முதல் இதழின் அட்டையை மட்டுமாவது நின்று பாருங்கள். ஹிட்லரின் தாடையில் கேப்டன் அமெரிக்காவின் முட்டி இறங்குகிறது, சுற்றிலும் சிப்பாய்கள் சுடுகிறார்கள், கேடயத்தில் பட்ட குண்டு தெறிக்கிறது. அந்தக் கேடயம் வட்டமாக இல்லையே என்று வியப்பீர்கள். வேறொரு நிறுவனத்தின் நாயகனுடைய மார்புக் கவசத்தை அது ஒத்திருப்பதாக எழுந்த ஆட்சேபத்தால் இரண்டாம் இதழிலிருந்துதான் அது வட்டமானது. 1941 மார்ச் தேதியிட்ட அந்த இதழ் 1940 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது. அமெரிக்கா போரில் இறங்க அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது. விற்பனை பத்து லட்சத்தை நெருங்கியது.

1943இல் கிர்பியே படையில் சேர்க்கப்பட்டு, 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் இறங்கினார். அவர் ஓவியர் என்பதை அறிந்த அதிகாரி ஒருவர், முன்னே ஊர்ந்து சென்று எதிரியின் நிலைகளை வரைந்து வரும் வேலையை அவருக்குக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் பனியில் உறைந்த கால்களை வெட்ட வேண்டியிருக்கும் என்ற நிலை வரை போய்த் தப்பினார். இந்த அனுபவத்தின் சாயலைப் பின்னாளில் அவர் வரைந்த போர்க்கதைகளில் காணலாம். 1974–75இல் டிசி நிறுவனத்துக்காக அவர் வரைந்த ‘தி லூசர்ஸ்’ போர்க்கதைகள் பன்னிரண்டு இதழ்களே நீடித்தன என்றாலும், நான் அவற்றை அவருடைய சிறந்த வேலைகளில் வைப்பேன்.

போருக்குப் பின் 1947இல் சைமனும் அவரும் ‘யங் ரொமான்ஸ்’ இதழைத் தொடங்கிக் காதல் காமிக்ஸ் என்ற வகையையே உருவாக்கினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், எல்லாவற்றையும் தேடி வாசிக்க வேண்டியதில்லை. 1961 நவம்பர் தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழை இந்த நிலையில் வாசித்தால் சுவை கூடும். அதற்குச் சற்று முன்பு வரை அவர் வரைந்துகொண்டிருந்த பூதக் கதைகளின் தொடர்ச்சியே அது என்பதும், பென் கிரிம் அந்தப் பூதங்களின் உறவுக்காரன் என்பதும் தெளிவாகும். 1962இல் ஹல்க்கும் தோரும், 1963இல் எக்ஸ்-மென்னும் அவெஞ்சர்ஸும் வந்தன. ஸ்பைடர்மேனைக் கிர்பியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவன் முதன்முதலில் தோன்றிய இதழின் அட்டையைத்தான் கிர்பி வரைந்தார், உள்ளே கதையை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ.

ஐந்தாம் படி: நியூ காட்ஸ்

1970இல் மார்வெலை விட்டு டிசிக்குச் சென்ற கிர்பி, அங்கே தாமே எழுதி, தாமே வரைந்து, ‘நான்காம் உலகம்’ என்று பின்னர் அழைக்கப்பட்ட கதைகளை நான்கு தொடர்களில் ஒரே நேரத்தில் தொடங்கினார். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வெளியான தேதி வரிசையில் தொகுத்த பெரிய புத்தகத்தை வாங்கினால், சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சனின் தொடரும் இடையிடையே வரும்; இந்தக் கதைகளின் பெரும் வில்லனான டார்க்சைட் முதலில் முகம் காட்டியதே அந்தத் தொடரின் 134ஆம் இதழில்தான். அதில் சூப்பர்மேனின் முகம் மட்டும் வேறொரு கைவேலையாகத் தெரிந்தால் உங்கள் கண் பழகிவிட்டது என்று பொருள். கிர்பி வரைந்த முகம் தங்கள் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்று நிறுவனம் அதை வேறு ஓவியர்களைக் கொண்டு திருத்தி வரையவைத்தது.

ஆகவே ‘நியூ காட்ஸ்’ தொடரின் பதினோரு இதழ்களை முதலில் தனியாக வாசியுங்கள். 7ஆம் இதழில் உள்ள ‘தி பாக்ட்’ கதைதான் முழுக் கட்டடத்துக்கும் கடைக்கால். பகை கொண்ட இரு உலகங்களின் தலைவர்கள், போரை நிறுத்துவதற்காகத் தங்கள் மகன்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். டார்க்சைடின் மகன் ஓரையன் ஒளியின் உலகத்தில் வளர்ந்து, தந்தையையே எதிர்த்து நிற்கிறான். மற்றவன் நரகம் போன்ற அநாதை இல்லத்தில் வளர்ந்து, தப்பிக்கும் கலையில் தேர்ந்தவனாகிறான். பிறந்த இடமும் வளர்ந்த இடமும் எதிரெதிராக நிற்கும் கர்ணனை அறிந்த நமக்கு ஓரையனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிர்பியின் வசனம் பலரை விரட்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் அப்படிப் பேசுவதில்லை. எல்லா வாக்கியங்களும் வியப்புக்குறியில் முடிகின்றன. தெருக்கூத்து வசனத்தைப் படிப்பது போல வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், அதன் நடை பிடிபடும். நியூ காட்ஸ் 1972இல் கதை முடியாமலேயே நிறுத்தப்பட்டது. அதன்பின் அவர் செய்தவற்றில் ‘கமாண்டி’யும், மார்வெலுக்குத் திரும்பிய பின் 1976இல் தொடங்கிய ‘எடர்னல்ஸ்’ தொடரும் வாசிக்கத் தக்கவை.

யாருடைய படைப்பு என்ற கேள்வி

பக்கங்களை ஓரளவு வாசித்த பிறகே இந்த வழக்குகளின் கதைக்கு வாருங்கள். முன்னதாகவே படித்தால் கட்சி சேர்ந்துகொண்டு வாசிக்க நேரிடும். கிர்பிக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வரைவதற்கான கூலி கிடைத்தது. கதையை அமைத்ததற்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை, பாத்திரங்களின் உரிமையும் நிறுவனத்திடமே இருந்தது. 1980களில் மார்வெல் ஓவியர்களுக்கு மூலப் பக்கங்களைத் திருப்பித் தரத் தொடங்கியபோது, மற்றவர்களுக்குச் சுருக்கமான ஒப்புதல் படிவத்தைக் கொடுத்த நிறுவனம் கிர்பியிடம் நான்கு பக்கப் படிவத்தில் கையொப்பம் கேட்டது; அதற்கு ஈடாகத் தருவதாகச் சொன்னது 88 பக்கங்களை மட்டுமே. சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் வெளிப்படையாகக் குரல் கொடுத்த பின், 1987இல் சுமார் 2000 பக்கங்கள் திரும்பி வந்தன. அவர் அந்த நிறுவனத்துக்கு வரைந்தவற்றில் அது சிறு பகுதிதான். 1994 பிப்ரவரி 6 அன்று கலிஃபோர்னியாவில் அவர் காலமானார். அவருடைய வாரிசுகள் 2009இல் உரிமையைக் கோரினர். கீழ்நிலைத் தீர்ப்புகள் மார்வெலுக்குச் சாதகமாக அமைந்தன. உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுப்பதா என்று முடிவு செய்யவிருந்த வேளையில், 2014 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதற்குப் பிறகு வந்த இதழ்களிலும் படங்களிலும் அவர் பெயர் எங்கே, எந்தச் சொற்களோடு இடம்பெறுகிறது என்பதைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

புதிய தொகுப்புகள் வழவழப்பான தாளில் அச்சாகின்றன. மங்கலான செய்தித்தாளுக்காகத் தேர்ந்த நிறங்கள் அந்தத் தாளில் கண்ணைக் கூசவைக்கும்; கணினியில் புதிதாக நிறமேற்றிய பதிப்புகள் இன்னும் மோசம். எடை மிகுந்த தடிமனான தொகுப்பை ஆசையோடு வாங்கிவிட்டு, மடியில் வைத்துப் படிக்க முடியாமல் மேசையில் விரித்தே வாசித்தவன் நான். தொடக்கத்துக்கு மெல்லட்டைத் தொகுப்பு அல்லது மின்பதிப்பு போதும். கருப்பு வெள்ளைப் பதிப்பு கிடைத்தால் அதையே விரும்புவேன். பழகிய பின், மூலப் பக்கங்களை அவற்றின் உண்மையான அளவிலேயே படம்பிடித்து அச்சிடும் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன்’ வகைப் புத்தகம் ஒன்றையேனும் எங்காவது புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் கிர்பி எழுதிய பென்சில் குறிப்புகளை அவற்றில் காணலாம். ஏறக்குறைய 1967 வரை ஓவியர்கள் அச்சளவைவிட வெகு பெரிய தாள்களில் வரைந்தார்கள், அதன்பின் தாள் பத்துக்குப் பதினைந்து அங்குலமாகச் சுருங்கியது. அந்த மாற்றத்துக்குப் பின் கிர்பியின் பக்கங்களில் கட்டங்கள் குறைந்து உருவங்கள் பெருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் தாக்கத்தைப் பிறரிடம் தேடுங்கள்

தாக்கம் என்பது இங்கே வெறும் புகழ்ச்சிச் சொல் அன்று, நடைமுறையாகவே இருந்தது. ஜான் ரொமிட்டா 1966இல் டேர்டெவில் தொடருக்கு வந்தபோது, கதையை எப்படி ஓட்டுவது என்று காட்டுவதற்காக லீ அவரிடம் கொடுத்தது கிர்பி வரைந்த முன்வரைவுகளைத்தான். ஜிம் ஸ்டெராங்கோவும் நிக் ஃபியூரி கதைகளில் கிர்பியின் முன்வரைவுகளின் மேல் வரைந்துதான் தொடங்கினார். 1980களில் வால்டர் சைமன்சன் வரைந்த தோர், மைக் மிக்னோலாவின் கனத்த கருநிழல்கள் ஆகியவற்றில் அந்தக் கையின் தொடர்ச்சி தெரியும். திரையில் பார்க்க விரும்புபவர்கள் 2017இல் வந்த ‘தோர்: ராக்னராக்’ படத்தின் சகார் கோளின் சுவர்களையும் உடைகளையும் கவனிக்கலாம், அவை கிர்பியின் பக்கங்களிலிருந்து நேராக எடுத்தவை.

கடைசிப் படி

எல்லாவற்றையும் வாசித்த பின்னரே ‘ஸ்ட்ரீட் கோட்’ கதைக்கு வாருங்கள். பத்தே பக்கங்கள் கொண்ட இதைக் கிர்பி 1983இல் வரைந்தார். 1990இல்தான் அச்சில் வந்தது. கேடயமும் கேலக்டஸும் இல்லாத, அவருடைய சிறுவயதுத் தெருவின் கதை. நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளும் தெருவை நிறைக்கும் கூட்டமும் இரு பக்கங்களுக்கு விரியும் ஒரே சித்திரத்தில் நிற்கின்றன. அதற்குள் சிறுவர்களின் சண்டை. மை தீட்டாமல், நிறமேற்றாமல், பென்சில் கோடுகளிலிருந்தே நேராக அச்சிட்டார்கள். அவர் கை அழுத்திய இடத்தில் கோடு கருத்தும், தளர்ந்த இடத்தில் வெளுத்தும் தெரிகிறது. வசனமும் அவருடையதே என்பதால், இந்தப் பத்துப் பக்கங்களுக்கு அஞ்சலட்டை வேண்டியதில்லை.